வெள்ளமும் உலையும்

மலையாள நாட்டு முதியோர் வாயில் இன்றும் வழங்கிவரும் தொடர் ஒன்று உண்டு. 'தொண்ணூற்றொன்பதிலே வெள்ளப்பொக்கம்' என்பது அது. கொல்லம் ஆண்டு 1099, கர்க்கடக மாதம். ஆங்கிலக் கணக்கில் 1924 ஜூலை. அவ்வாண்டு மழையில் பெரியாறும் அதன் உடன்பிறப்பாகிய பிற ஆறுகளும் கரைபுரண்டன. மூணாற்றை ஒட்டிய குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிக்கொண்டிருந்த சிறு இரயில் அடியோடு அழிந்தது. மீண்டும் அது ஓடவேயில்லை. கொச்சிக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பத்தாராகிய நாங்கள் இவ்வெள்ளத்தைப் பற்றி அண்டை வீட்டு அம்மூம்மைகளிடம் கேட்டறிந்த போதெல்லாம் ஒன்றைக் கண்டோம். நீர் எத்தனை அடி உயர்ந்தது என்பதில் அவர்களுக்குள் கருத்து வேற்றுமை இருக்கும். அந்நாட்களில் வீட்டில் என்ன உண்டார்கள் என்பதில் மட்டும் ஐயமே இராது. தம் தாய்மார் சொல்லக் கேட்ட பலாக்கொட்டையையும் உப்புமாங்காயையும் அவர்கள் தாமே உண்டவர்போல் சொல்வார்கள். தகழி சிவசங்கரப் பிள்ளை வெள்ளத்தைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற சிறுகதையிலும், மனிதரெல்லாம் படகேறிப் போனபின் தனித்து விடப்பட்ட நாயொன்றன் தவிப்பும் பசியுமே கதையாக நிற்கின்றன.

கர்க்கடகம் நம்முடைய ஆடி. அதனைப் 'பஞ்ஞக் கர்க்கடகம்' என்பர் இந்நாட்டார். பஞ்ஞம் என்பது நம் பஞ்சமே. அறுவடைக்கு முந்திய மாதம், வயலில் வேலையில்லை, கடலில் வலைவீச இயலாது, மழையோ விடாது. ஆண்டுதோறும் தவறாமல் வரும் இச்சிறு பஞ்சத்துக்கென்றே பழைய வீடுகளில் ஓர் ஏற்பாடு இருந்தது. சித்திரை வைகாசியில் பலாக்கொட்டையை மண்ணில் பொதிந்து வைப்பார்கள். மரவள்ளிக் கிழங்கை அரிந்து, வேகவைத்து, வெயிலில் உலர்த்தி மூட்டை கட்டுவார்கள். பரணியில் உப்புமாங்காய், அடுப்பின்மேல் உறியில் உலர்மீன். நம் ஊர்களிலும் இதே கதைதான். குதிரில் நெல்லும் கேழ்வரகும், பானையில் வற்றலும் வடகமும், ஆடியில் அம்மனுக்கு ஊற்றும் கூழ். கூழ் ஊற்றும் வழக்கம் பக்தியால் வந்ததா, பஞ்சத்தால் வந்ததா என்று ஆராய்வோர் ஆராயட்டும். குதிர் காலியாகும் மாதத்தில் ஊரிலுள்ள தானியமெல்லாம் ஒரே பானையில் சேர்ந்து எல்லார்க்கும் பங்காகிறது என்பதே எங்களுக்கு அதில் பெரிதாகத் தோன்றுகிறது.

நகரத்து வீட்டில் குதிர் இல்லை, உறியும் இல்லை. மூன்றாம் மாடியில் குடியிருப்போர் மண்ணில் எதைப் புதைப்பது? கொச்சி நெடுங்காலமாகவே வெளியிலிருந்து வரும் அரிசியை உண்டு வாழும் ஊர். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவின் அரிசிப் பண்டகசாலைகளைப் பார்த்தவர்கள் இதனை அறிவார்கள். 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியவுடன் அங்கிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. கொச்சியும் திருவிதாங்கூரும் பங்கீட்டுக் கடையின் முன் வரிசையில் நின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கமளித்துப் பரப்பிய மரவள்ளிக் கிழங்கு அப்போதுதான் ஏழையின் அன்னமாக முழு உரிமை பெற்றது. இன்றோ கப்பலுக்குப் பதில் லாரி. ஆந்திரத்திலிருந்து அரிசி, ஒட்டன்சத்திரத்திலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் காய்கறி. வாளையாறு வழியாக இரவில் புறப்படும் வண்டி விடியலில் எறணாகுளம் சந்தையில் நின்றால்தான் கலூரில் சாம்பார் கொதிக்கும்.

இந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை 2018 ஆகஸ்டு காட்டிற்று.

அவ்வாண்டு ஜூன் 1 முதல் ஆகஸ்டு 19 வரை கேரளத்தில் பெய்த மழை வழக்கத்தைவிட 42 விழுக்காடு மிகுதி. ஆகஸ்டு 9 அன்று இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணையில் 26 ஆண்டுகளுக்குப் பிறகு மதகு திறக்கப்பட்டது. 15ஆம் நாள் விடுதலைத் திருநாளன்று நெடும்பாசேரி விமான நிலையத்தில் நீர் புகுந்து மூடப்பட்டது. அது மீண்டும் திறந்தது 29ஆம் நாளில்தான். ஆலுவாவில் நெடுஞ்சாலை நீரில் மூழ்கிற்று. திருச்சூருக்கும் பாலக்காட்டுக்கும் இடையே குதிரானில் மண் சரிந்தது. வடக்கே போகவும் வழியில்லை. கிழக்கிலிருந்து வரவும் வழியில்லை. மாநிலமெங்கும் 480க்கு மேற்பட்டோர் இறந்தனர். முகாம்களில் தங்கியோர் தொகை உச்ச நாட்களில் பத்து இலட்சத்தைத் தாண்டியது.

கலூருக்குள் பெரியாறு வரவில்லை. வந்தது உறவு. ஆலுவாவுக்கு அப்பால் ஆற்றோரத்தில் வாழ்ந்த எங்கள் உறவினர் எண்மர், மீனவர் ஓட்டிவந்த வள்ளத்திலும் பிறகு லாரியிலுமாக 16ஆம் நாள் மாலை எங்கள் வீட்டுப் படியேறினர். அவர்களுள் எழுபத்தெட்டு வயதான பெரியப்பா ஒருவர். நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். பிறந்து மூன்று மாதமான கைக்குழந்தையும் அதன் தாயும் இருந்தனர். அறுவர் வாழ்ந்த வீட்டில் பதினால்வர் ஆனோம். குழாய் நீர் கலங்கி வந்து, மறுநாள் நின்றும் போயிற்று. எத்தனை நாளுக்கு என்று சொல்வார் எவருமில்லை.

அன்றிரவு தெருமுனையிலிருந்த திருநெல்வேலி அண்ணாச்சியின் மளிகைக் கடைக்கு எங்கள் வீட்டு மூத்த மருமகள் சென்றாள். ரொட்டி இல்லை, பிஸ்கட் இல்லை, புட்டித் தண்ணீர், மெழுகுவத்தி, நூடுல்ஸ் எதுவும் இல்லை. பிற்பகலிலேயே தீர்ந்துவிட்டனவாம். "அக்கா, மூட்டையில அவல் அப்படியே கிடக்கு. பொட்டுக்கடலை கிடக்கு. பச்சைப்பயறு கிடக்கு. ஒருத்தர் கேக்கலியே" என்றார் அண்ணாச்சி. இச்சொல்லை நாங்கள் இன்றுவரை எண்ணிப் பார்ப்பதுண்டு. அச்சம் வந்தவுடன் மனிதர் கை நீள்வது விளம்பரத்தில் கண்ட பொட்டலத்தின்மேல். ரொட்டி மூன்றாம் நாள் பூசணம் பிடிக்கும். அவலோ மாதக்கணக்கில் கெடாது, அடுப்பும் வேண்டாம், கைப்பிடி நீர் போதும். குசேலர் துணியில் முடிந்து சென்ற பொருளை நெருக்கடி நேரத்தில் நாம் அறியாதிருப்பது வியப்புத்தான். அண்ணாச்சி அன்று ஒரு பொருளுக்கும் விலை ஏற்றவில்லை என்பதையும், வீட்டுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் அரிசி தரமாட்டேன் என்று நின்றதையும், பதினால்வர் என்று கேட்டவுடன் அந்த விதியைத் தாமே தளர்த்திக்கொண்டதையும் இங்கே பதிவு செய்கின்றோம்.

இனிக் கணக்கு. இலக்கிய மலரில் கணக்கென்ன என்று அன்பர்கள் முகம் சுளிக்கலாம். உலை வைப்பவர்க்கு அளவே இலக்கணம்.

பேரிடர்க் காலத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 2,100 கலோரி வேண்டும் என்பது உலகெங்கும் துயர்நீக்கப் பணியாளர் கொண்டுள்ள அளவு. அதில் பத்து முதல் பன்னிரண்டு விழுக்காடு புரதத்திலிருந்தும், பதினேழு விழுக்காடேனும் கொழுப்பிலிருந்தும் வரவேண்டும் என்பர். குடிப்பதற்கும் உணவுக்கும் மட்டும் ஆளுக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் நீர். எல்லாத் தேவைக்குமாகக் குறைந்தது பதினைந்து லிட்டர். கைக்குழந்தை நீங்கலாக எங்கள் வீட்டில் உண்போர் பதின்மூவர். ஆக நாளுக்கு 27,000 கலோரிக்குச் சற்று மேல். நான்கு கிலோ அரிசி 14,000 தரும். ஒன்றரைக் கிலோ பருப்பும் பயறும் 5,000 தரும். அரை லிட்டர் எண்ணெய் 4,000க்குச் சற்று மேல். அரைக் கிலோ வேர்க்கடலை 2,800. கால் கிலோவுக்குச் சற்று மிகுந்த வெல்லம் ஓராயிரம். கூட்டிப் பாருங்கள், ஏறக்குறைய நிறைந்துவிடுகிறது. ஆளுக்கு ஐம்பது கிராமுக்கு மேல் புரதமும் கிடைத்துவிடுகிறது. இதில் ரொட்டியும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை. பெரும்பாலான வீடுகளில் அரிசி இருக்கும். பருப்பும் எண்ணெயும் வேர்க்கடலையும்தான் நெருக்கடியில் மறந்துபோகின்றன. வெறுங்கஞ்சி வயிற்றை நிறைக்கும், உடலைத் தாங்காது.

அடுப்பே இல்லையென்றால்? அதற்கும் வழியுண்டு. ஓர் ஆளுக்குக் கால் கிலோ அவல், நூறு கிராம் பொட்டுக்கடலை, எழுபத்தைந்து கிராம் வறுத்த வேர்க்கடலை, அதே அளவு வெல்லம், பெரிய நேந்திரம்பழம் ஒன்று. இவை ஐந்தும் சேர்ந்து அந்த 2,100ஐத் தொட்டுவிடும். ஒரு மஞ்சள் பைக்குள் மூவருக்கு மூன்று நாள் உணவை வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு படகேறலாம். நம் பாட்டிமார் யாத்திரைக்குக் கட்டிக்கொடுத்ததும் ஏறத்தாழ இதுவே.

அந்த ஐந்து நாளும் எங்கள் வீட்டுச் சமையலறையை ஆண்டவர் மாமியார். மழைநீரை மாடியில் வேட்டி கட்டிப் பிடித்தோம். அது பாத்திரம் கழுவவும் குளிக்கவும். கீழ்வீட்டுச் சேச்சியின் கிணற்று நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கவும் சமைக்கவும் கொண்டோம். நீர் பொங்கிக் கொதித்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்கவேண்டும் என்பது விதி. மாமியார் ஐந்து நிமிடம் விடுவார். எரிவாயு தீர்ந்துவிடுமே என்று இளையவர் முணுமுணுத்தனர். "வயித்துப்போக்கு வந்தா எந்தச் சிலிண்டர் வந்து காப்பாத்தும்?" என்று அவர் கேட்டதற்கு எவரிடமும் விடையில்லை. காலையில் ஒரே உலை, கஞ்சியும் பயறும். நண்பகலுக்குப் புளியோதரை. அதே புளிக்காய்ச்சலை இரவுக்கும் எடுத்து வைப்போம். தேங்காய் அரைத்த குழம்பு அந்த ஐந்து நாளும் வீட்டில் கிடையாது; வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் தேங்காய்தான் முதலில் கெடும். தேங்காயின்றி ஐந்து நாள் உண்ட உண்மையைச் சேச்சியிடம் சொன்னபோது, அவர் வெள்ளத்தைவிட அதற்கே மிகவும் வருந்தினார்.

பெரியப்பாவின் இன்சுலின் குறித்து அஞ்சினோம். மின்சாரம் விட்டு விட்டு வந்தது. தொலைபேசியில் கிடைத்த மருத்துவர், பயன்படுத்தத் தொடங்கிய குப்பி மிகுந்த வெப்பமில்லாத அறையில் நான்கு வாரம் வரை இருக்கலாம் என்று சொல்லித் தேற்றினார். மருந்தைவிட உணவே தொல்லை தந்தது. நீரிழிவு உள்ளவர் வேளை தவறவும் கூடாது. கிடைத்ததையெல்லாம் உண்ணவும் கூடாது. சில முகாம்களில் முதியோர்க்கு மூன்று வேளையும் ரொட்டியும் சர்க்கரைத் தேநீருமே கிடைக்கின்றன என்று அங்கிருந்து வந்தவர்கள் சொல்லக் கேட்டோம். நீரிழிவு மிகுந்த கேரளத்தில் இஃது எளிதான செய்தியன்று. கொடுப்பவர் அன்பில் குறையில்லை. உண்பவர் யார் என்ற கேள்வி மட்டும் கேட்கப்படவில்லை.

குழந்தையின் செய்தி இன்னும் நுட்பமானது. வந்த அதிர்ச்சியில் தாய்க்குப் பால் வற்றிவிட்டது என்று வீட்டில் பேச்செழுந்தது. நன்கொடையாக வந்த பால்மாவு டின் ஒன்றை யாரோ கொண்டுவந்து கொடுத்தும் விட்டனர். அதைத் திறக்கக் கூடாதென்று மாமியார் தடுத்தார். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பேரிடர் இடங்களில் பால்மாவைப் பொதுவாக வாரி வழங்கக் கூடாதென்று வற்புறுத்தி வருவதை அவர் படித்ததில்லை. அழுக்கு நீரில் கலக்கிய புட்டிப்பால் குழந்தைக்கு எமன் என்பது அவருக்குத் தெரியும். அச்சத்தால் பால் சுரந்து இறங்குவது தாமதப்படுமே தவிர, குழந்தை சப்பச் சப்ப அது மீளும் என்பதும் தெரியும். பாலூட்டும் தாய்க்கு வழக்கத்துக்கு மேல் ஐந்நூறு கலோரியளவு வேண்டும். ஆகவே வீட்டிலிருந்த முட்டை நான்கும் அவளுக்கு. பூண்டுக் குழம்பில் முதல் கரண்டி அவளுக்கு. மடியில் படுத்து உறங்கும் உரிமையும் அவளுக்கே. இரண்டாம் நாள் இரவு குழந்தை வயிறு நிறைந்து உறங்கிற்று. அந்த வீட்டில் பதின்மூவரும் அன்றுதான் உறங்கினோம்.

எங்கள் வீடு நிலைபெற்றபின், 18ஆம் நாள் முதல் இளையவர்கள் கலூர்-கடவந்திரா சாலை வழியே நடந்து கடவந்திராவிலுள்ள விளையாட்டரங்குக்குச் சென்றனர். நிவாரணப் பொருள்களைத் தொகுத்துப் பிரித்து அனுப்பும் பணி அங்கே இரவு பகலாக நடந்தது. மாவட்ட நிருவாகத்தோடு கைகோத்து அப்பணியைச் செய்தது 'அன்போடு கொச்சி' என்னும் தன்னார்வலர் குழு. தமிழர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. அக்குழு உருவானது 2015 டிசம்பரில். சென்னை நகரம் வெள்ளத்தில் மிதந்தபோது நம்மவர்க்குப் பொருள் திரட்டி அனுப்புவதற்காகவே அது தோன்றியது. சென்னைக்காகக் கட்டிய மூட்டையின் பழக்கம் மூன்றாண்டுக்குள் கொச்சிக்கே உதவிற்று.

அரங்கின் உள்ளே கண்ட காட்சியை எழுத்தில் அடக்குவது அரிது. ஒரு பக்கம் மலைபோல் ரொட்டி. ஒரு பக்கம் எவரும் உடுத்த விரும்பாத பழந்துணி. இன்னொரு மூலையில் நல்லவர் ஒருவர் அனுப்பிய சமைத்த உணவுப் பொட்டலங்கள், திறந்தால் புளித்த நாற்றம். எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்த வேலை பொட்டலம் கட்டுவது. ஒரு குடும்பத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, தேயிலை, சோப்பு, தீப்பெட்டி என்று வரிசை போட்டு நிற்கும் நூற்றுக்கணக்கான கைகள். நேரம் செல்லச் செல்லப் பட்டியலும் திருந்தியது. உப்பு-சர்க்கரைப் பொடி உறைகள் சேர்ந்தன; பெண்களுக்கான அணையாடை சேர்ந்தது; நீரைத் தூய்மை செய்யும் குளோரின் மாத்திரை சேர்ந்தது. வெள்ளம் வடிந்தபின் எலிக்காய்ச்சல் பரவுமென்று டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் முகாம்களுக்குச் சென்றது. அந்த உப்பு-சர்க்கரை நீரின் வரலாறும் ஒரு பேரிடரின் வரலாறே. 1971இல் வங்காள எல்லையிலுள்ள பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்துவிட, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழி புகட்டி ஆயிரக்கணக்கானோரைக் காத்தார். உறை கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஒரு லிட்டர் தூய நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு அளவு மீறலாகாது.

அன்னமிடுதலைப் பெரும் அறமாகப் போற்றிய மொழி நம்முடையது. மணிமேகலையின் கையில் அமுதசுரபி. வடலூரில் 1867இல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையவில்லை. இவற்றைச் சொல்லிச் சொல்லி நாம் மேடைகளில் பெருமிதம் கொள்கிறோம். ஆனால் அமுதசுரபியிலிருந்து பழைய சேலை வந்ததாக எந்தப் புலவரும் பாடவில்லை. அடுக்களையில் தேங்கியதைக் கொடுப்பது வேறு, பசித்தவர்க்கு ஏற்றதைக் கொடுப்பது வேறு என்பதை அந்த அரங்கில் பொட்டலம் கட்டிய பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் நம் பேச்சாளர்களைவிட நன்றாகக் கற்றுக்கொண்டார்கள்.

அந்நாட்களில் வேறொரு கசப்பும் காற்றில் இருந்தது. முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் ஆகஸ்டு 15 அன்று 142 அடியை எட்டியது. அங்கிருந்து திடீரென நீர் திறந்ததும் வெள்ளத்துக்கு ஒரு காரணம் என்று கேரள அரசு உச்ச நீதிமன்றத்தில் சொல்லிற்று. தமிழக அரசு அதனை மறுத்தது. தேநீர்க் கடைகளிலும் தொலைக்காட்சியிலும் இதே பேச்சு. கொச்சியில் வாழும் தமிழர் சிலர் அவ்வாரத்தில் தெருவில் தமிழில் உரக்கப் பேசத் தயங்கினார்கள் என்பது உண்மை. எங்கள் பிள்ளைகளோடு பொட்டலம் கட்டிய மலையாளத்துப் பெண்ணொருத்தி வேடிக்கையாக, "உங்கள் ஊர் தண்ணீரை அனுப்பியது, நீங்கள் அரிசி கட்டுகிறீர்கள்" என்றாளாம். அவள் சிரித்தாள், இவர்களும் சிரித்தார்கள். அரிசிப் பை மட்டும் நிற்காமல் கை மாறிக்கொண்டிருந்தது. சில நாட்களில் தமிழகத்திலிருந்து வந்த லாரிகளும் வரிசையில் நின்றன. பட்டியலில் அந்தப் பெயர்ப் பலகைகளைக் கண்டபோது எங்களுக்கு நிம்மதி பிறந்தது. அணை யார் பக்கம் நியாயம் என்பது நீதிமன்றத்துக்குரியது. அதில் நாங்கள் தலையிடவில்லை.

இன்னொரு கூட்டத்தாரைப் பற்றிச் சொல்லாமல் விடுவது முறையன்று. திண்டுக்கல், தேனி, விழுப்புரம் பக்கங்களிலிருந்து வந்து கட்டட வேலையும் சாக்கடை வேலையும் செய்யும் தமிழ்த் தொழிலாளர் பலர் கொச்சியில் வாடகை அறைகளில் ஆறேழு பேராகத் தங்கியிருக்கின்றனர். அவர்கள் அறைக்குள் வெள்ளம் வரவில்லை. ஆகவே முகாமில் அவர்கட்கு இடமில்லை. குடும்ப அட்டை ஊரில். அந்நாளில் இங்கே பங்கீட்டுக் கடை அவர்களுக்கு இருக்கவில்லை. அன்றன்று கூலி, அன்றன்று அரிசி. பத்து நாள் வேலையில்லை என்றால் பத்து நாள் உலையில்லை. வெள்ளம் தொடாத பசி இது. எந்தக் கணக்கிலும் ஏறாது. எங்கள் தெருவுக்குப் பின்னுள்ள அறைகளில் இருபத்திரண்டு பேர் இருந்தனர். அண்ணாச்சி அவர்களுக்குக் கடனாக அரிசி கொடுத்தார். நாங்களும் சேச்சியின் வீட்டாரும் பருப்பும் முட்டையும் கொடுத்தோம். அவர்களுள் மூத்தவர், "சும்மா வாங்க மாட்டோம் அம்மா, வெள்ளம் வடிஞ்சதும் வீடு கழுவ எங்களக் கூப்பிடுங்க" என்றார். அவ்வாறே ஆலுவா வீட்டில் கணுக்கால் அளவு படிந்த சேற்றை நான்கு நாளில் அள்ளிக் கொட்டியவர்கள் அவர்களே. கூலியைக் கட்டாயப்படுத்தித்தான் கொடுக்கவேண்டியிருந்தது.

ஆகஸ்டு 25 திருவோணம். அரசு விழாக்கள் எல்லாம் கைவிடப்பட்டன. பலர்க்கு அவ்வாண்டு ஓணம் முகாமிலேயே கழிந்தது. எங்கள் வீட்டில் உறவினர் அதற்குள் ஊர் திரும்பிவிட்டிருந்தனர். கீழ்வீட்டுச் சேச்சி வாழையிலையில் சோறும் பருப்பும் பப்படமும் ஒரு பாயசமும் மட்டும் பரிமாறி எங்களை அழைத்தார். இருபத்தாறு வகைக்குப் பெயர்பெற்ற விருந்தில் நான்கே வகை. அந்த ஓணத்தின் சுவை எங்களில் ஒருவருக்கும் மறக்கவில்லை.

பெரியாறு தொடாத கலூரை ஓராண்டுக்குப் பின் வானமே தொட்டது. 2019 அக்டோபர் 21 திங்கட்கிழமை. எறணாகுளம் சட்டமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் நாள். விடியுமுன் கொட்டிய மழையில் கால்வாய்கள் திணறி நகரமே குளமாயிற்று. கலூரிலுள்ள துணை மின்நிலையத்தில் நீர் புகுந்து பல பகுதிகளில் மின்சாரம் நின்றது. வாக்காளர் முழங்காலளவு நீரில் நடந்து சென்று வாக்களித்தனர். அதன்பின் கால்வாய்களைச் சீர்செய்ய 'ஆப்பரேஷன் பிரேக்த்ரூ' என்ற திட்டம் தொடங்கிற்று. ஒரே நாள் துன்பந்தான். ஆயினும் அன்று தமிழ் வீடுகளில் விளைந்த சிறு துயரத்தைச் சொல்லவேண்டும். ஞாயிறன்று அரைத்து வைத்த வாரத்துக்கான இட்டலி மாவு, குளிர்பெட்டி ஓய்ந்ததும் பொங்கி வழியத் தொடங்கிற்று. மிக்ஸி ஓடாது, அம்மியோ ஊரிலேயே விட்டுவந்த பொருள். மின்னடுப்பை நம்பியிருந்த வீட்டில் தேநீரும் இல்லை. எங்கள் மாமியார் புளித்த மாவில் வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து போட்டுக் குழிப்பணியாரம் ஊற்றத் தொடங்கினார். மாடியிலிருந்த நான்கு வீட்டாரும் தத்தம் மாவுப் பாத்திரத்தோடு எங்கள் எரிவாயு அடுப்பின் முன் வந்து நின்றனர். வங்காளத்துக் குடும்பம் ஒன்று அன்றுதான் பணியாரம் என்னும் சொல்லைக் கற்றது.

2020இல் ஊரடங்கு வந்தபோது வெள்ளம் கற்றுக்கொடுத்தது பயன்பட்டதைக் கண்டோம். உள்ளாட்சிகளும் குடும்பஸ்ரீப் பெண்களும் சேர்ந்து சமுதாயச் சமையலறைகளைத் திறந்தனர். குடும்ப அட்டைக்குப் பதினேழு பொருள் கொண்ட இலவசப் பை வந்தது. அதில் பருப்பும் கடலையும் எண்ணெயும் இருந்தன, ரொட்டி இல்லை. பட்டியல் எழுதியவர் உலை வைத்தறிந்தவர் என்று மாமியார் தீர்ப்பளித்தார்.

இப்போது எங்கள் வீட்டில் மூடி இறுகிய தகர டின் மூன்று உண்டு. அவல், பொட்டுக்கடலை, வேர்க்கடலை. கூடவே வெல்லம், உப்பு, எண்ணெய், பழைய முறையில் வறுத்தரைத்த சத்துமாவு, உப்பு-சர்க்கரைப் பொடி உறைகள் பத்து, தீப்பெட்டி, மருத்துவச் சீட்டின் நகல், இருபது லிட்டர் நீர்க் குடுவை இரண்டு. கர்க்கடகம் முதல் தேதி வரும்போது பழையதை வெளியே எடுத்துப் புதியதை நிரப்புகின்றோம். எடுத்த அவல் வீணாவதில்லை. அடுத்து வரும் கோகுலாட்டமிக்கு வெல்லமும் தேங்காயும் சேர்த்துப் பிசைந்து, ஒரு கிண்ணம் கண்ணனுக்கும், ஒரு தூக்கு நிறையக் கீழ்வீட்டுச் சேச்சிக்கும், மிச்சம் பின்தெரு அறைகளிலுள்ள பிள்ளைகளுக்கும் போகிறது.